ஈசானிய மூலையில் இடித்த சுவர்

அம்மா,

பக்கத்து லாட்டில் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வாரமாகக் கலவை இயந்திரத்தின் கடகட சத்தம். ஜன்னலைச் சாத்தினாலும் ஈரச் சிமெண்டு வாடை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எனக்கு முன்பெல்லாம் அந்த வாடை பிடிக்கும். இப்போது ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்து வைக்கிறேன்.

நேற்று மாலை வேலை முடிந்து வந்து காரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்த லாட்டுக்காரன் வேலியோரம் வந்து நின்றான். நல்ல மனிதன்தான், கண்டால் கையெடுத்துக் கும்பிடுவான்.

"அண்ணே, உங்க வீட்டுக்கு வாஸ்து பாத்தாரே, அவரு நம்பர் இருந்தா குடுங்கண்ணே. உங்க வீடு லட்சணமா இருக்குன்னு தாமான்ல எல்லா வீட்லயும் சொல்றாங்க லா."

"என்கிட்ட இல்ல. இருந்தாலும் குடுக்க மாட்டேன். மொதல்ல உங்கம்மாகிட்ட போயி என்னா வேணும்னு கேளு."

அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. அவனுக்கு அம்மா இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. உள்ளே வந்ததும் உன் மருமகள் பிடித்துக்கொண்டாள். "பாவம், ஒரு நம்பர்தானே கேட்டாரு? அதுக்கு ஏன் அவரு மேல போயி பாயிறீங்க?" நான் குளிக்கப் போய்விட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து யார் மேலாவது பாய்ந்துகொண்டேதான் இருக்கிறேன். பாய வேண்டிய நாளில் மட்டும் பாயவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

இந்த வீடு எழும்பிய ஏழெட்டு மாதமும் நீதான் அங்கே சம்பளமில்லாத கங்காணி. காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாடகை வீட்டிலிருந்து குடையும் ஃபிளாஸ்க்குமாகக் கிளம்பிவிடுவாய். சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் உன் ஆபீஸ். இந்தோனேசிய மேஸ்திரி பாக் ஸ்லாமெட்டுக்கு நீ ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியில் சீனி இருந்ததைவிடத் திட்டு அதிகம் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பழகிய மலாயில் நீ அவரை விரட்டுவதைக் கேட்கப் பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து நிற்பார்கள்.

"ஹோய் பாக்! இனி தெம்போக் பெங்கோக்லா!"

சுவர் கோணலாம். அவர் சிரித்துக்கொண்டே நூல் பிடித்துப் பார்த்தார். அரை அங்குலம் கோணல்தான். அன்றிலிருந்து நீ சொன்னால் அவருக்கு மறுபேச்சு இல்லை. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவள் நீ. பட்டையில் மயிரிழை ஆழம் கூடினால் மரம் செத்துவிடும் என்று பழகிய கண். அதற்கு அரை அங்குலம் எம்மாத்திரம்.

பிளான் வரைந்தபோது உனக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். பெரிய அடுப்படி கேட்பாய், இல்லையென்றால் சாமி அறை கேட்பாய் என்று நினைத்தேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என் ரூம்லயே ஜாம்பான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடா இளிப்பு? தோட்டத்து லயத்துல கக்கூசு எங்க இருந்துச்சு, மறந்துட்டியா? தண்ணி பீலி வரிசைய தாண்டி, சாக்கடைக் கான தாண்டி, அங்கிட்டுக் கெடந்துச்சு. உன்ன வயித்துல வெச்சிக்கிட்டு மழையில கொடையும் கையுமா போயிருக்கேன். அட்டை ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். அதுலயும் ஆளுங்க வரிசையா நிப்பாங்க. இப்ப முட்டி ரெண்டும் போச்சு. கட்டில்ல இருந்து காலக் கீழ வெச்சா கதவு இருக்கணும். அது போதும் எனக்கு, வேற ஒண்ணும் வேணாம்."

அப்படியே வரைந்தேன். கீழே, பின்பக்க மூலையில் உன் அறை, அதை ஒட்டி உன் கழிப்பறை. தரைக்குச் சிமெண்டு பூசி ஆறியதும் நீ செய்த கூத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாக் ஸ்லாமெட்டிடம் சுண்ணாம்புக் கட்டி வாங்கி, தரையில் உன் கட்டிலை நீளமும் அகலமுமாக வரைந்தாய். முந்தானையை உதறிப் போட்டு அதன் மேல் படுத்தாய். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு எழும்பியிருந்த அந்தக் கழிப்பறைச் சுவர் வரை அடி அடியாக எண்ணிக்கொண்டு நடந்தாய்.

"ஒம்போது அடிடா!" என்று கத்தினாய். கல்யாண வீட்டில்கூட உன்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த வாரம் நான் வாஸ்துக்காரரை அழைத்து வந்தேன்.

ஆமாம், நான்தான். யார் சொல்லியும் இல்லை. நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் வாஸ்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். முதலிலேயே கூப்பிட்டிருந்தாலாவது காகிதத்தோடு போயிருக்கும். சுவர் எழும்பிய பிறகு கூப்பிட்ட புத்திசாலி நான். அவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்து, கைப்பேசியில் திசை பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றினார். பின்பக்க மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஈசானியம். இங்க கழிப்பறை ஆகவே ஆகாது. வீட்ல ஆம்பளப் பிள்ளை எத்தன பேரு?"

"ஒண்ணுதான்" என்றாய் நீ.

"அந்தப் பிள்ளைக்கு ஆகாதும்மா."

எனக்கு முன்னே பிறந்த ஒருவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் நீ. தோட்டத்து லாரி வந்து ஏற்றுவதற்குள் உன் மடியிலேயே போனவன். அவனைப் பற்றி நீயாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இது எதுவும் அந்த வெள்ளைச் சட்டைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ என்னைப் பார்த்தாய்.

நான் உன் சுண்ணாம்புக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். நீயே திரும்பி மேஸ்திரியைக் கூப்பிட்டாய். "பாக், பெச்சாகான் இனி." இதை உடைத்துவிடுங்கள் என்றாய். அந்த மனிதர் பதறிப்போய் ஏன் மாக்சிக், எதற்கம்மா என்று கேட்டார். "உந்தோக் அனாக்" என்றாய். பிள்ளைக்காக. அவருக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள். மேற்கொண்டு கேட்காமல் சம்மட்டியை எடுத்துவிட்டார்.

முழுப் பழியையும் வாஸ்துக்காரர் தலையில் கட்டிவிட்டால் எனக்கு எவ்வளவோ சுலபம். ஆனால் அவர் போகும்போது வடமேற்கில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வடமேற்கில் கார் நிறுத்துமிடம். அதில் ஆறடி எடுத்தால் போதும், உன் கட்டிலையும் அந்தப் பக்கம் மாற்றிவிடலாம் என்று பாக் ஸ்லாமெட் தரையில் கோடு போட்டே காட்டினார். வாஸ்துக்காரர் வாசல் தாண்டும் முன்பே நான்தான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன்.

"அப்பறம் ரெண்டு காடி நிக்காது, பாக்."

கீழே வேறு இல்லையென்றால் என்ன, மேலே இரண்டு கழிப்பறை இருக்கிறதே, அம்மா ஏறிக்கொள்வார்கள் என்றேன். அப்போதும் நீ சண்டை போடவில்லை. "பரவால்லலா. ஏறி எறங்குனா ஒடம்புக்கு நல்லதுதான்" என்றாய்.

எனக்கு உன்மேலும் கோபம்தான் அம்மா. அரை அங்குலச் சுவருக்கு ஊரைக் கூட்டியவள், மீன்காரனை நாலு தெரு விரட்டியவள், உன் ஒன்பது அடிக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்? போடா நீயும் உன் காடியும் என்று ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் கட்டியிருப்பேன். ஏசத் தெரியாதவளா நீ!

புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். ஈசானிய மூலையில் சாமி மேடை ஜொலித்தது. வாசலில் இரண்டு கார்கள் நின்றன. மாடிக்குப் பதினேழு படி. முதல் சில மாதம் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாய். பிறகு நீ ஏறுவது குறைந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அம்மா பழகிவிட்டார்கள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மரமண்டை நான். ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காகத் தேத்தண்ணி குடித்தவள் அரை கிளாஸோடு நகர்த்தி வைத்ததையும் பார்த்தேன். கேட்டதற்கு, சீனி ஆகாதுடா என்றாய். அதையும் நம்பினேன்.

காய்ச்சலும் நடுக்கமுமாக உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் கிருமி, ரத்தம் வரை ஏறிவிட்டது என்றார் அந்த மலாய் டாக்டர். இளம் பெண். உங்கள் அம்மா தண்ணீரே குடிப்பதில்லையா, பல மாதமாக இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறதே, வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் உனக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒரு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடித்தாய். இன்னொன்று கேட்டாய். மூச்சு முட்டப் போகிறது, மெதுவாக என்று நான் போத்தலைப் பிடித்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"விடுடா. இங்க எவ்ளோ வேணும்னாலும் குடிக்கலாம். ஒண்ணுக்குப் போக டியூபு போட்டுட்டாங்கல்ல? படி ஏற வேணாம்."

குறை சொல்லும் குரலில்கூட நீ அதைச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்வதுபோல் சொன்னாய். பக்கத்துக் கட்டில் சீன ஆயா நம்மைப் பார்த்துச் சிரித்தாள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் நீ இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். மகன் கட்டின வீட்டில் வாழ்ந்துவிட்டுப் போனவள், கொடுத்து வைத்தவள். ஒவ்வொருவரையும் வாசலுக்கு வெளியே தள்ளலாம் போலிருந்தது. கருமக்கிரியை அன்று உன் தம்பி என்னைத் தனியே இழுத்துத் தோளைத் தட்டினார். "நல்லவேளைடா தம்பி, அந்த மூலைல கட்டாம விட்டீங்க. இல்லன்னா உனக்கும் ஏதாச்சும் ஆயிருக்கும்." கையில் இருந்த சொம்பை எறிந்தேன், அவர்மேல் படவில்லை. மாமா இன்றுவரை நம் வீட்டுப் படி ஏறுவதில்லை. வராமலே இருக்கட்டும்.

அடுத்த வாரம் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "நான் வடமேற்குல வெக்கச் சொன்னேனே தம்பி. நீங்கதானே ரெண்டு காடி நிக்கணும்னீங்க?" என்றார். பாதியிலேயே போனை வைத்தேன். நம்பரை அழித்துவிட்டேன். அவரை அழித்தால் ஆயிற்றா?

இப்போதும் வெள்ளிக்கிழமை அந்த மூலையில் விளக்கேற்ற உன் மருமகள் கூப்பிடுகிறாள். நிற்கிறேன், கும்பிட மாட்டேன். சாமிக்கு நான் விட்டுக்கொடுத்த இடம் இல்லை அது. உன்னிடமிருந்து பிடுங்கிய இடம். சாமிக்கும் அது தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றித் தள்ளிப்போடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று அவர் சொன்னதும் நீ என்னைப் பார்த்தாயே, இதெல்லாம் என்ன பேச்சு, நீங்க கட்டுங்க பாக் என்று நான் சொல்வேன் என்றுதானே பார்த்தாய்? சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை, அன்றும் இல்லை. ஆனால் பயந்துவிட்டேன் அம்மா. நம்பாத ஒன்றுக்கு, என் உயிருக்காக, நாற்பத்தாறு வயதில் உன் எதிரிலேயே பயந்தேன். நீ அதைக் கண்டுகொண்டாய். கண்டுகொண்டுதான் பாக் ஸ்லாமெட்டைக் கூப்பிட்டாய். நான் சொன்ன காடிக் கதை, காரண காரியம் எல்லாம் அந்தப் பயத்துக்குப் பிறகு தேடிப் பிடித்தவை. உன் அந்தப் பார்வை என்னோடுதான் இருக்கிறது. எங்கே போனாலும், யார் மேல் பாய்ந்தாலும், கூடவே வருகிறது.

போன வாரம் ஃபேக்டரியில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. ரத்தம், சீனி, சிறுநீரகம், நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். எந்தக் குறையும் இல்லை, இந்த வயதில் இப்படி இருப்பது அபூர்வம் என்று டாக்டர் கை குலுக்கினார். உன் ஆம்பளப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.