கத்ரான் பூசிய ஒட்டகம்

மருந்துக் குழாயின் மூடியைத் திறந்ததும் தார் வாசம் அறையெங்கும் பரவியது. என் மகளுக்குப் பதினான்கு வயது. முழங்கையிலும் பிடரியிலும் தோல் சிவந்து, வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. கோத்தகிரி டாக்டர், "சோரியாசிஸ்தாங்க. யாருக்கும் ஒட்டாதுங்க, பயப்படாதீங்க" என்றார். எனக்கு அது தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நீ சொல்லியிருக்கிறாய். அன்றைக்கே நம்பினேன். நம்பியும் செய்ததைச் செய்தேன்.

ஊட்டியில் கல்லூரி விடுதியின் கடைசி அறை நம்முடையது. நீ கூடலூரிலிருந்து வந்தாய், நான் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து. முதல் மாதமே குளிர் உன் தோலைப் பிளந்துவிட்டது. சாயங்காலமானால் பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கறுப்புக் களிம்பைப் பூச உட்காருவாய். தலையணை உறையிலும் சுவரிலும் பழுப்புக் கறை. பக்கத்து அறைப் பெண்கள் வாசலில் நின்று, "ஏனுங்க, ரோடு போடறாங்களாட்ட இருக்குது. பஸ்ஸு எப்பங்க வரும்?" என்பார்கள்.

"வரும். டிக்கெட் எடுத்தவங்க மட்டும் ஏறுங்க" என்பாய், தலை நிமிராமல்.

"எடீ, இதுக்கு அரபியில கத்ரான்னு பேரு" என்று ஒருநாள் எனக்குச் சொன்னாய். மதரஸாவில் அரபி கற்பிக்கும், நீ உப்பா என்றழைக்கும் உன் அப்பாவின் அகராதி உன் பெட்டியில் இருந்தது. கத்ரா என்றால் சொட்டு. தேவதாரு போன்ற மரங்களை மூடிவைத்துச் சூடாக்கினால் சொட்டுச் சொட்டாக வடிவது கத்ரான். அதைவிடப் பழைய மொழிகளில் இதே வேர் புகையையும் சாம்பிராணி போன்ற நறும்புகையையும் குறிக்கும் என்றாய். "என் நாத்தத்துக்கு எவ்வளவு பெரிய குடும்பம் பாரு." நரகத்தில் பாவிகளின் உடுப்பு கத்ரான் என்று வேதத்தில் வருவதையும் சொல்லிவிட்டு, கறை படிந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாய்.

கடைசியாக ஒட்டகத்தைச் சொன்னாய். "சொறி பிடிச்ச ஒட்டகத்துக்கு இதைத்தான் பூசுவாங்களாம். பூசினதை மத்ததோட கட்ட மாட்டாங்க. தனியா நிக்கும்."

"பாவம்" என்றேன்.

"அதோட சொறி ஒட்டும். என்னோடது ஒட்டாது. அதுதான் வித்தியாசம்."

அடுத்த வாரம் வெந்நீர் அண்டாவின் முன்னால் பேச்சு எழுந்தது. வாளிகள் எல்லோருக்கும் பொது. நீ தொட்ட வாளி எது என்று தெரிய வேண்டுமாம். "உன்ற ரூம்காரிதான, நீயே ஒரு அடையாளம் வெச்சுடு சிலோன்காரி" என்றாள் ஒருத்தி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த குடும்பம் என்பதால் ஏற்கெனவே எனக்கு அந்தப் பெயர் இருந்தது. மறுத்தால் என்னையும் உன்னோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அவள் நீட்டிய டப்பாவிலிருந்து கறுப்பு பெயின்ட்டைத் தொட்டு, ஒரு வாளியின் விளிம்பில் புள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை அதைப் பார்த்தாய். "எவளோ எனக்குப் பொட்டு வெச்சிருக்கா" என்று சிரித்தாய். என் நகக்கண்ணில் பெயின்ட் இருந்தது. நீ கவனித்தாயா, தெரியாது. மூன்று வருடமும் அந்த வாளியைத் தவிர வேறெதையும் நீ தொடவில்லை.

பிறகு ஒரே ஒரு முறை குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். என் இடுப்பில் கைக்குழந்தையாக இவள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் நீ, "தூக்கட்டுமா?" என்று கேட்டாய். குழந்தையைத் தூக்க யாரும் அப்படி அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. "தூக்கு" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாய். "பஸ்ஸு வந்துடுச்சுடீ" என்றாய். பஸ் வந்திருக்கவில்லை.

போன மார்கழியில் உன் அண்ணன் போன் செய்தார். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "அவ போன்ல உங்க நம்பர் 'ரூம்மேட்'னு இருந்துச்சு. அதான் சொல்லலாம்னு." பெயர் போட்டு வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முதன்முதலாகக் களிம்பு பூசி முடித்த அன்று மகள், "எனக்குத் தனி பக்கெட் வேணும்மா. தம்பிக்கு ஒட்டிக்கிட்டா?" என்றாள்.

"ஒட்டாது சாமி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா கிளாஸ்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க."

முந்தாநாள் குளியலறையில் ஒரு வாளியின் விளிம்பில் மார்க்கரால் வைத்த கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன், மங்கியது, போகவில்லை. அவள் பார்க்கட்டும் என்று அந்த வாளியிலேயே குளித்துவிட்டு வந்தேன். பார்த்தாள். இன்று காலை புள்ளி இன்னொரு வாளியில் இருந்தது.

உன்னைப் பற்றி அவளிடம் சொன்னால் ஒருவேளை கேட்பாள். கத்ரானை, ஒட்டகத்தை, டிக்கெட் எடுக்கச் சொன்ன உன் வாயை எல்லாம் சொல்லலாம். விரலில் இந்த வாசத்தோடு தினமும் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். தொடங்குவதில்லை. தொடங்கினால், விடுதியில் அந்தப் புள்ளியை யார் வைத்தது என்று கேட்பாள்.