லட்சத்தில் இருந்த எண்
மட்டாஞ்சேரி, 12 ஜூன் 1959, வெள்ளி

பக்கத்து வீட்டு ஜானகி, எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த பத்திரிகையோடு மகள் கமலத்தை அழைத்து வந்தாள்.

“மாமி கான்வென்டில் படிச்சவாளாச்சே, நோக்கிச் சொல்லுங்கோ.”

கமலத்தின் எண் 100235. தேறியவர்களின் எண்கள் ஏறுவரிசையில் இருந்தன. தொடக்கத்திலேயே 10021, 10024 என்று கண்டேன். அங்கேயே தேடிவிட்டு, இல்லை என்றேன்.

“நன்னா நோக்கினேளா மாமி?” என்றாள் ஜானகி.

“எனக்கு எண் படிக்கத் தெரியாதாடீ?”

கமலம் அழுதுகொண்டே போனாள்.

அவர்கள் விட்டுப்போன பத்திரிகையை இப்போது மறுபடி பார்த்தேன். கடைசிப் பத்தியில், 99,000 வரிசை எண்களையும் தாண்டி, 100235 இருக்கிறது. பத்தாயிரத்தில் போய் லட்சத்தைத் தேடியிருக்கிறேன்.

காலையில் சொன்னால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் அந்தப் பெண் இன்னும் விசும்புகிறாள். போய்க் கதவைத் தட்டுகிறேன்.