கையில் வைத்த சீனி

ஜனவரி 8, புதன்

இன்றும் ஆதிபா எனக்கு முன்னால் வந்துவிட்டாள். தன் மேசையைத் துடைத்து, என் மேசையையும் துடைத்து வைத்திருந்தாள். நன்றி சொன்னேன். சொல்லும்போது முகம் எப்படி இருந்ததோ.

டொக்டர் ஸரீனாவின் நீரிழிவு கிளினிக்கில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. நோயாளி உள்ளே போவதற்கு முன் என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் சோறு, ரொட்டி, பாண், கிழங்கில் எதை எவ்வளவு குறைக்கலாம், மருந்துக் குளிசையை எவ்வளவு மாற்றலாம் என்று டொக்டர் முடிவெடுப்பார். மாத்தளை டவுனில் அவருக்கு ‘சோறு வேணாம் டொக்டர்’ என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். "வேணாம்னு சொல்லல்லயே, பாதியாக்குங்கன்னுதானே சொன்னேன்" என்று சிரிப்பார்.

நான் பேராதனையில் நான்கு வருடம் உணவு விஞ்ஞானம் படித்தவள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி. ஆதிபா உயர்தர வகுப்போடு நின்றவள். அவள் வாப்பாவுக்கு டவுனில் பலசரக்குக் கடை.

ஆனால் வருகிறவர்கள் அவள் பக்கம்தான் பார்க்கிறார்கள். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அவர்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருகிறாள். "என்ன மாமி, நேத்து கலியாண ஊட்டுக்குப் போனீங்க போல ஈக்கி? எத்தன தரம் சோறு போட்டாங்க?" மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். மூன்று தரம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "மதியம் எத்தனை அகப்பை சோறு?" என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே பரீட்சை மண்டபத்துக் குரல் மாதிரிக் கேட்கிறது.

ஜனவரி 11, சனி

ஆதிபாவுக்குப் புது ஸ்கார்ஃப், பச்சை. அவளுக்கு எல்லா நிறமும் பொருந்துகிறது.

ஜனவரி 17, வெள்ளி

எழுதினால்தான் நெஞ்சு ஆறும்.

கிருஷ்ணம்மா பெரியம்மா கிளினிக்குக்கு வந்தார். லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா. அம்மாவோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். இரண்டு வருடமாகச் சீனி வருத்தம். நான்தான் வரச் சொன்னேன். நான்தான் டொக்டரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொல்லி, பஸ் நேரம்கூட எழுதிக் கொடுத்தேன். நான் இன்னொருவரோடு இருந்ததால் ஆதிபா அழைத்தாள். நான் முடித்த பிறகும் பெரியம்மா எழுந்து வரவில்லை. "இந்தப் புள்ளகிட்டயே சொல்றேன் பாப்பா, நீ ஒன் வேலையப் பாரு."

என் காது அங்கேயே இருந்தது.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களா அம்மா?"

"இல்லங்க மகள். வெறும் சாயத்தண்ணிதான். ஒரு பொட்டு போட மாட்டேன்."

ஆதிபா சீனி என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மலையில் யார் கோப்பைக்குள் சீனி போடுகிறார்கள்? சீனி உள்ளங்கையில் இருக்கும். ஒரு நக்கு, ஒரு மிடறு. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன், பத்து மணிக்கு மலையில், மதியம், வீடு வந்த பிறகு. பெரியம்மா பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலைச் சொன்னார்.

நான் எழுந்து இரண்டு எட்டு வைத்து, "கையில் வைப்பார், அதைக் கேள்" என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தேன். அப்போது பெரியம்மா அவள் கன்னத்தைத் தடவினார்.

உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி

கண்டியில் இன்று ஒரு கூட்டம். டொக்டரைப் போலவே சோறு, ரொட்டி மாதிரி மாச்சாப்பாட்டைக் குறைத்துச் சீனி வருத்தத்தைப் பார்க்கிற டொக்டர்மார் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். டொக்டர் ஆதிபாவைக் கூட்டிக்கொண்டு போனார். "விதுஷா, நீங்க கிளினிக்கைப் பாத்துக்குவீங்கதானே? ஒங்கள நம்பி விட்டுட்டுப் போகலாம்." நம்பி விட்டுப் போவதற்கு நான். கூட்டிப் போவதற்கு அவள்.

அங்கே பேசப்படுகிற ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்திருக்கும்.

ஜனவரி 20, திங்கள்

கேட்காமலே ஆதிபா எல்லாம் சொன்னாள். ஒரு டொக்டர் எழுந்து, மாச்சாப்பாட்டைக் குறைக்கிற அன்றே குளிசையையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி விழுந்து ஆளும் விழும் என்று மூன்று தடவை சொன்னாராம். இன்னொருவர், ஏழைகள் சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதைச் சாப்பிடுவது, முட்டை விலை தெரியுமா என்று சண்டை போட்டாராம். "எங்கட டொக்டர் எழும்பி, வல்லாரையும் பருப்பும் கருவாடும் தோட்டத்துலயும் கெடைக்கும், வந்து பாருங்கன்னு சொன்னாங்க. எனக்குக் கை தட்டணும் போல ஈந்திச்சு."

எனக்காக அங்கே கிடைத்த பேனா ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறாள். இதை அதனால்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது, சனியன்.

ஜனவரி 24, வெள்ளி

டொக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மார்ச் கடைசியிலிருந்து புதன்கிழமைகளில் எல்கடுவ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கிளினிக். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் அந்த அறையில், பிள்ளைகள் போன பிறகு, பின்னேரத்தில். அதற்குப் பொறுப்பாக ஒருவரைப் போடுவாராம். "யாருன்னு இன்னும் யோசிக்கல்ல."

எங்கள் தோட்டம். நான் படுத்துத் தூங்கிய பிள்ளைக் காம்பரா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இரவு டவுனில் நான் தங்கும் அறையிலிருந்து அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். பெரியம்மாவும் பக்கத்தில் இருந்தார் போல. "எங்க பாப்பாவுக்குத்தான்" என்று சத்தம் கேட்டது.

பெப்ரவரி 7, வெள்ளி

பெரியம்மாவின் இரத்தச் சீனி இறங்கவில்லை. ரொட்டியை மூன்றிலிருந்து ஒன்றாக்கியிருக்கிறார், ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கியிருக்கிறார், ஆனாலும் போன தடவையைவிடக் கூட. டொக்டர் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "மா குறைஞ்சிருக்கு, சீனி இல்ல. அப்ப ஏன்?" ஆதிபாவின் முகம் சுருங்கிப்போனது. கண்டிக் கூட்டத்தில் தோட்டத்து நோயாளி என்று இந்தப் பெரியம்மாவைப் பற்றித்தான் பேசினார்களாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் தேட வேண்டாம்.

டொக்டர் குளிசையை இரட்டிப்பாக்கினார். சீட்டில் அவர் எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு தடவை இறங்காமல் இருக்கட்டும், ஆதிபாவுக்குக் கேட்கத் தெரியாது என்று டொக்டருக்கே விளங்கட்டும், பிறகு சொல்லலாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

எல்கடுவயில், வீட்டில். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தார். உள்ளங்கையில் சீனி, வெயிலில் மினுங்கிக்கொண்டு.

"அந்த முஸ்லிம் புள்ள எவ்வளவு பாசமா கேக்குது" என்றார் அம்மாவிடம். "நம்ம பாப்பா படிச்சது. ஆனா பேசவே மாட்டேங்குது. வெரட்டுற மாதிரி பாக்குது."

"சின்னதுலேயே அப்படித்தான். வாயில கொழுக்கட்ட" என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

‘பெரியம்மா, அந்தக் கையில் இருப்பதும் சீனிதான்’ என்று சொல்ல நினைத்தவள், எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பெப்ரவரி 20, வியாழன்

ஆதிபா, ஆதிபா, ஆதிபா. இன்று மட்டும் அந்தப் பெயரைப் பதினான்கு பேர் கூப்பிட்டார்கள். எண்ணினேன்.

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. டொக்டரும் ஆதிபாவும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உதடு காய்ந்தாலும் அவள் சிரிப்பில் குறை இல்லை. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை எனக்கென்று ஒரு போத்தலில் கொண்டு வந்தாள். "சோறுதான், டொக்டர்கிட்ட செல்லிடாதீங்க!" டொக்டர் உள்ளேயிருந்து, "எனக்குக் கேட்டுச்சு!" என்றார்.

அறைக்கு வந்து குடித்தேன். ருசியாக இருந்தது. அதற்கும் எரிந்தது.

மார்ச் 5, புதன்

பெரியம்மா மலையில் விழுந்துவிட்டார்.



பத்தரைக்கு அம்மா ஃபோன். நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்கு வேர்த்து ஊற்றியிருக்கிறது. பேச்சு குழறியிருக்கிறது. சம்பந்தமில்லாமல் கங்காணியைத் திட்டியிருக்கிறார். அப்படியே கூடையோடு சரிந்துவிட்டாராம். பேய் பிடித்துவிட்டது என்றார்களாம் சிலர். அம்மாதான் தன் கையிலிருந்த சீனியை அவர் கன்னத்துக்குள் அப்பித் தேய்த்திருக்கிறார். "எனக்கு என்னா தெரியும்? கையில இருந்துச்சு, வச்சேன்." தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு.

நான் போனபோது கையில் சேலைன் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்தார். "பாப்பா, கூடை என்னாச்சு?" என்றார்.

வெளியே வராந்தாவில் அம்மாவிடம் கேட்டேன், இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி?

"இன்னைக்கு மட்டுமா? அம்மன் கோயில் கொடி ஏறுனதுலேருந்து அவ சீனியத் தொடல. நேர்ந்துக்கிட்டா. தேர் முடியிற வரைக்கும் கையில சீனி வைக்க மாட்டேன்னு."

"எதுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். "எதுக்கா? அந்தப் புதன்கெழம வேல ஒனக்குக் கெடைக்கணும்னுதான்டி."

இரட்டிப்பாக்கிய குளிசை. ஒரு ரொட்டி. சீனியும் இல்லை. அந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க நான்கு வருடம் படித்தவள் நான் ஒருத்திதான் இருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

காலையில் டொக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். தாளை மேசையில் வைத்தார். கத்தவில்லை. "சீனி இல்லைன்னு எழுதியிருக்கு. அந்த அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் கையில வச்சு நக்கியிருக்காங்க. அந்தச் சீனிக்குத்தான் நான் குளிசையைக் கூட்டியிருக்கேன், அதை விட்டதும் விழுந்துட்டாங்க."

ஆதிபா எழுந்து நின்றாள். "நான்தான் சரியாக் கேக்கல்ல டொக்டர். கோப்பையப் பத்தி மட்டும்தான் கேட்டேன். என்ட பிழை." கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

நான் அங்கேதான் நின்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்: அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை. பிழையைக்கூட அவள் எவ்வளவு நேராக நின்று ஏற்கிறாள். என்னுடைய பிழையையும் சேர்த்து அவளே எடுத்துக்கொண்டு போகிறாள்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முதலில் ஆதிபாவிடம். மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில், அவள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது. "அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க கேட்டது எனக்குக் கேட்டுச்சு. கையில வைப்பாங்கன்னு தெரியும்."

புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"தெரிஞ்சும் ஏன் செல்லல்ல?"

"நீங்க தோக்கணும்னு."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் பேசிய முதல் உண்மை இதுதான். அவள் கையிலிருந்த பெட்டியை மெதுவாக வைத்தாள்.

"டிகிரி முடிச்சவங்க நீங்க. டொக்டர் இங்கிலீஷ்ல என்ன கேட்டாலும் ஒங்களத்தான் கேப்பாங்க. ஒவ்வொரு நாளும் ஊட்டுக்குப் போய் ஒங்களப் பத்தித்தான் உம்மாகிட்ட செல்லுவேன், நானும் படிச்சிருக்கலாமேன்னு." அலுமாரிக் கதவைச் சாத்தினாள். "ஒரு சொல்லு விதுஷா. ஒரே ஒரு சொல்லு. அந்த அம்மா மவுத்தாகியிருந்தா?"

பெரியம்மா செத்துப்போயிருந்தால்? அந்தக் கேள்வியோடு டொக்டரின் அறைக்குப் போனேன்.

டொக்டரிடம் சொல்லும்போது நின்றுகொண்டே சொன்னேன். அவர் பெரியம்மாவின் தாளை எடுத்துப் பார்த்தார். "ஆதிபாவுக்குக் கேட்கத் தெரியல்ல. நீங்க தெரிஞ்சும் சொல்லல்ல. நான் தாளைப் பார்த்துக் குளிசையைக் கூட்டினேன், ஆளைப் பார்த்து ஒரு கேள்வி கேக்கல்ல. மூணு பேரும்தான்." பிறகு, "ஆனா மூணும் ஒண்ணில்ல. அது ஒங்களுக்குத் தெரியும்" என்றார்.

தெரியும்.

புதன்கிழமை வேலை ஆதிபாவுக்கு. என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

இன்று தேர். போகவில்லை. தெரு முழுக்க மேளம். அறைக்குள் இருந்து கேட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பெரியம்மாவிடமும் சொன்னேன். லயத்து வாசலில், அம்மாவும் இருக்க. முழுக்கக் கேட்டார். கோபப்படுவார், அழுவார் என்று பார்த்தேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா என்னோடு சாப்பிடவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஆதிபா வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். என் மேசையை நானே துடைக்கிறேன்.

மார்ச் 26, புதன்

எல்கடுவ. முதல் நாள். தொட்டில் சேலைகளை ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு இரண்டு மேசை போட்டோம். ஆதிபா பொறுப்பு. நான் உடல் நிறை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து எழுத வந்தவள். இருபத்தாறு பேர். அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு எரியவில்லை என்று எழுதினால் பொய். எரிந்தது, பழகிய இடத்தில்.

புதுத் தாள் அச்சடித்து வந்திருக்கிறது. சீனி என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு வரி, ஆதிபா எழுதிக் கொடுத்தது: ‘தேத்தண்ணி குடிக்கும்போது கையில் என்ன இருக்கும்?’

கடைசியாகப் பெரியம்மா வந்தார். குளிசை இப்போது பழையதிலும் பாதி. வாசலில் நின்று இரண்டு மேசையையும் பார்த்தார். ஆதிபா தலை நிமிராமல் அவருடைய தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இவங்கள நீங்க கேளுங்க."

"நான் நிறைக்குத்தானே..."

"கேளுங்க விதுஷா. கேட்டுட்டு என்கிட்ட காட்டுங்க."

பெரியம்மா என் முன்னால் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பிச் சுவரில் தொங்கிய பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சடித்த கேள்வியை வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். கால் நாற்காலியில் தட்டிச் சத்தம் வந்தது. ஆதிபா பார்த்தாள். பெரியம்மாவின் முழங்காலில் என் முழங்கால் இடித்தது.

"சாயத்தண்ணி குடிக்கறப்ப கையில என்ன பெரியம்மா?"

அவர் கொழுந்துக் கறை படிந்த கையை மடியிலிருந்து எடுத்து, என் முன்னால் விரித்துக் காட்டினார்.

‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். தாளை ஆதிபாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.