இரண்டு பலாப்பழத்துக்குப் போட்ட கையெழுத்து

மஞ்சக்குப்பம்,
10.6.2007

அன்பு மகள் தில்லைநாயகிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அண்ணன் எழிலன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயிலில் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகும்போது தலையில் துணி போட்டுக்கொள். என் முழங்கால் வலி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை, அதுவாவது நிலையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த உறைக்குள் கடிதத்தோடு ஒரு பத்திரமும் இருக்கும். அதைப் பிரிக்கும் முன்னால் உன் அம்மாவின் பெருமையைக் கொஞ்சம் கேள். போன மாசியில் சிதம்பரத்தில் மகளிர் குழுத் தலைவிகளுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். வந்த வக்கீலம்மா, அப்பா சொத்தில் பிள்ளைக்கு எவ்வளவோ பெண்ணுக்கும் அவ்வளவு, புருஷன் உயில் எழுதாமல் போய்விட்டால் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சமபாகம், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதி, சர்டிபிகேட்டும் வாங்கி வந்து, நம் குழுவில் பன்னிரண்டு பேருக்கும் பாடம் நடத்தினேன். சவரியம்மாள் தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னபோது, அறிவிருக்கா உனக்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

வைகாசி பிறந்ததும் உன் கதிரவன் மாமா காடாம்புலியூருக்குக் கூப்பிட்டான். எதற்கு என்று தெரியும், தாத்தாவின் முந்திரித் தோப்பை அவன் பேருக்கு முழுசாக மாற்ற வேண்டுமாம். என் பங்கைக் கேட்டே தீருவது என்று புறப்பட்டேன். பண்ருட்டி போகிற வரைக்கும் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனதில், பக்கத்து சீட்டுப் பெண் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று தள்ளி உட்கார்ந்தாள். அங்கே போனால் அவன், ஒரு சின்ன கையெழுத்துதாங்க்கா, படிக்கணும்னா படிச்சிக்க, நான் வாணாம்ங்கல, சோறுதான் ஆறிப்போவும் என்றான். நான் சாப்பிட்டேன். அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடு, படித்துப் பார்த்துச் சம்மதித்தேன் என்று அதில் இருந்ததை வீட்டுக்கு வந்து நகலில்தான் படித்தேன். கிடைத்தது ஒரு புடவை, இரண்டு பலாப்பழம். அதில் ஒன்று அழுகல். நல்லதை அறுத்து சவரியம்மாளுக்குப் பத்து சுளை கொடுத்தேன். அவள் தின்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

சோற்றுக்காக நான் போடவில்லை தில்லை. கேட்டுவிட்டால் அந்த வாசலில் என்னை வா அக்கா என்று சொல்ல ஆள் இருக்காதே என்று பயந்துவிட்டேன். எனக்கு மிஞ்சியிருக்கிற பிறந்த வீடு அவன் ஒருவன்தான்.

இப்போது உன் அண்ணன் முறை. மாடி கட்ட பாங்கில் லோன் கேட்டிருக்கிறான். அப்பா இந்த வீட்டை யாருக்கும் எழுதி வைக்காமல் போய்விட்டதால் நீயும் நானும் விட்டுக்கொடுத்ததாகப் பத்திரம் வேண்டுமாம். உன்னுடையதைத்தான் இதோடு அனுப்பியிருக்கிறேன், நீ எம்பசிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். எம்மா, நீ ஒரு லெட்டர் போட்டா அது மறுபேச்சு பேசாம போட்டுடும் என்றான். அனுப்புகிறேன் என்று சொன்னேன், அனுப்பிவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. உனக்குத்தான் நகை போட்டுக் கல்யாணம் பண்ணியாயிற்றே என்று நிஜமாகவே நினைக்கிறான். மீன் துண்டை முதலில் அவன் தட்டில் வைத்து வளர்த்தவள் நான்தானே.

என்னுடைய பத்திரத்தை அவன் நீட்டினபோது, படிக்கிற கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடியை அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன். மகளிர் குழுத் தலைவியின் வீரம் இவ்வளவுதான். ஒன்பது நாள் ஓடியது. நேற்று உன் அண்ணி அரிசி அள்ளும்போது படியோடு கண்ணாடியும் வந்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் அதை முந்தானையில் துடைத்து, எழிலனிடம் காட்டாமல் என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளும் இரண்டு அண்ணன்களோடு பிறந்தவள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பத்திரத்தையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நீ கையெழுத்துப் போடாதே. மாடி கட்டட்டும், நம் மூன்று பேருக்கும் சொந்தமான வீட்டில் கட்டட்டும். அண்ணன் அப்புறம் உன்னை வா என்று கூப்பிட மாட்டானோ என்று பயப்படாதே. இந்த வீட்டில் எனக்கும் ஒரு பாகம் இருக்கிறது, அதில் நின்றுகொண்டு நான் கூப்பிடுவேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும், 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எழிலனிடம் இதைச் சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுவேன். அன்றைக்குச் சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு. சொன்னியாம்மா என்று கேள். நான் வெயிலைப் பற்றியும் முருங்கைக்காயைப் பற்றியும் பேச ஆரம்பித்தால், சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு நன்றாகத் திட்டு.

குழந்தைக்கு என் முத்தம். தில்லையம்மன் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடு, எழுதினதை இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்
உன் அம்மா,
அமராவதி