ஜக்கூருக்குப் போன உன் அப்பா

தளி,
ஹேவிளம்பி வருஷம், சித்திரை மாதம், சனிக்கிழமை.

என் கண்ணு சம்பங்கிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தோட்டமும் மாடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஜீவனும் அதைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. வாந்தி நின்றுவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது. மாங்காய் மேல் ஆசையாக இருக்கிறது, நல்ல புளிப்பாகக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், அவ்வளவு பெரிய ஏரோப்ளேனுக்கு ரிப்பேர் பார்க்கிற மாப்பிள்ளைக்கு ஒரு மாங்காய் பொறுக்கத் தெரியாதா, இரண்டு கடை சேர்ந்தாற்போல ஏறி இறங்கச் சொல். அவர் முகம் சுளித்தால் அம்மா சொன்னாள் என்று சொல். இங்கே இந்த வருஷம் வெயில் தளியிலேயே சுடுகிறது, கோசு எல்லாம் தலை கட்டாமல் விரிந்து கிடக்கிறது, சின்னப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது, உன் கங்கப்பன் மாமா லாரிக்குப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார். இதெல்லாம் இருக்கட்டும், உன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறாயே, பிரசவத்துக்கு ஊருக்கு வரவில்லை, வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்கிறேன், அப்பாவுக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காதபோது வந்து அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று, அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது உண்மை. இந்தக் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அழுதுகொண்டேதான் பதில் எழுதியிருப்பேன். இப்போது சிரிப்பும் சேர்ந்து வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

தை மாதம் நீ மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் முறையாக வந்தாயே, அந்த நாளை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எங்களைக் கேட்காமல் பம்பாயில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாய், அதுவும் மராட்டிக்காரரை, அன்றைக்கு வாயை மூடியவர் உன் அப்பா, அதன் பிறகு உன் பேரை எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். கம்பெனியில் பாஸ் கொடுத்திருக்கிறார்கள், பெங்களூருக்கு ஏரோப்ளேனில் வருகிறோம் என்று நீ எழுதியதை நான் படித்துக் காட்டியபோதும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே நின்றார். மாமா லாரியில் போகலாம், ஏரோப்ளேன் ஃபேக்டரிப் பக்கம்தான் இறங்கும், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டேன். அதற்கு அவர் சொன்னது, "ஃபேக்டரில ஏரோப்ளேன் செய்வாங்க, ஆள எறக்குவாங்களா? பஸ் கட்டுற எடத்துல போயி பஸ்ஸுக்கு நிப்பாங்களா யாராச்சும்? உங்கண்ணனுக்கு என்னா தெரியும்" என்று. நீங்க வர்றீங்களா இல்லையா என்றேன். "நான் எதுக்கு வர்றன், எனக்கு ஓசூர்ல வெதக் கெழங்கு பாக்கற வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். அதனால்தான் நானும் மாமாவும் மட்டும் ஃபேக்டரி ஏரோட்ரோமுக்கு வந்தோம். நீ ஏணியில் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டபோது உன் கண் என் தோளுக்குப் பின்னால் தேடியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி மாப்பிள்ளையிடம் பெட்டியை வாங்கினேன். உன் அப்பா பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வந்தார், கால் முட்டி வரை புழுதி, மாப்பிள்ளையைப் பார்த்துச் சாப்டீங்களா என்று ஒரு வார்த்தை, அதோடு மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் படுத்துவிட்டார். நீங்கள் இருந்த நாலு நாளும் அப்படியேதான் போயிற்று. நீ பஸ் ஏறும்போது, அம்மா, அவரு என்ன எறங்குற எடத்துல பாக்கக்கூட வரலியே என்று சொன்னாய். அந்த வார்த்தை எனக்குள்ளேயே இத்தனை நாளாக முள் மாதிரி கிடந்தது.

போன புதன்கிழமை சந்தைக்கு நாங்கள் இரண்டு பேரும் பீன்ஸ் கொண்டுபோயிருந்தோம். ஜவளகிரி பஸ் வந்து நின்றது, அதிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பையோடு இறங்கி நேராக உன் அப்பாவிடம் வந்தார், எனக்கு முன்பின் தெரியாத முகம். வந்தவர் வாய் நிறையச் சிரித்து, "என்னாண்ணா, அடையாளம் தெரியுதா? பொண்ணும் மாப்ளயும் அன்னிக்கி வந்து சேந்தாங்களா? எங்கூட்டுல இன்னும் உங்க அவரக்காயப் பத்திதான் பேசிக்கினு இருக்கறாங்க" என்றார். உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் சம்பங்கி. பீன்ஸ் மூட்டைக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்துவிட்டார், மூட்டைக்குள் பீன்ஸைத் தவிர ஒன்றும் இல்லை. நான் விடுவேனா, அண்ணா உக்காருங்க, வெயில்ல வந்திருக்கறீங்க என்று மோர் வாங்கிக் கொடுத்தேன். அவர் பேர் கோவிந்தப்பனாம், சொந்த ஊர் ஜவளகிரி, பெங்களூர்ப் பக்கம் ஜக்கூரில் ஏரோப்ளேன் ஓட்டப் படிக்கிறார்களே அந்த ஏரோட்ரோமில் வாட்ச்மேன் வேலை, மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர். நான் கேட்கக் கேட்க அவர் சொல்லச் சொல்ல உன் அப்பா பீன்ஸுக்கு விலை கேட்டவர்களுக்கெல்லாம் சரி சரி என்று அவர்கள் கேட்ட விலைக்கே போட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். உன் அப்பா அன்றைக்கு ஓசூரில் இறங்கவே இல்லை. ஒரு பை நிறைய அவரைக்காய், நீ சின்னதிலிருந்து தின்னுகிற அந்த வாசனைக் காய், அதை எனக்குத் தெரியாமல் விடியும்போதே பறித்துக்கொண்டு நேரே பெங்களூருக்குப் போயிருக்கிறார். மார்க்கெட்டில் தெரிந்த கன்னடக்காரர் ஒருவரிடம் ஏரோப்ளேன் எங்கே வரும் என்று கேட்டாராம், அவர் "விமானவா? ஜக்கூரிகெ ஹோகி" என்று ஜக்கூருக்குப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டார், அவர் மேல் என்ன தப்பு, அங்கேயும் பொழுதுக்கும் ஏரோப்ளேன் ஏறி இறங்குகிறதுதானே. உன் அப்பாவுக்கும் தான் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிட்டது. பல்லாரி ரோட்டு பஸ் பிடித்துப் போய் ஏரோட்ரோம் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றிருக்கிறார். உள்ளே வரக் கூடாது என்று கோவிந்தப்பன் சொன்னதற்கு, "நான் உள்ள வர்லப்பா, தூரமா நின்னு பாத்துட்டுப் போய்டறன், எம்பொண்ணு பம்பாய்லருந்து வர்றா, அங்க பெரிய ஆஸ்பத்திரில நர்சு, எம்மாப்ள ஏரோப்ளேன் கம்பெனில இருக்கறாரு" என்றாராம். எம்மாப்ள. வீட்டில் அந்தச் சொல்லை இன்றுவரை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை, அந்தப் பம்பாய்க்காரன் என்பதோடு சரி. கேட்டுக் காவல்காரரிடம் மட்டும் மாப்பிள்ளை ஆகிவிட்டார். கோவிந்தப்பனும் பாவம், அங்கே ஓட்டப் படிக்கிற யாரோ ஒரு பையனுக்கு அந்தப் பொண்ணு சொந்தம் போல, அவனோடு வருகிறாள் போல என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். ஒவ்வொரு ஏரோப்ளேன் இறங்கும்போதும் உன் அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டு நிற்பாராம், அதிலிருந்து கண்ணாடி மாட்டின இரண்டு பேர் இறங்கிப் போவார்களாம், மறுபடியும் உட்காருவாராம். எத்தனை தரம் வேட்டி கட்டினாரோ தெரியவில்லை. மத்தியானம் ஆனதும் தாங்க முடியாமல் கோவிந்தப்பனிடம் போய், "ஏம்பா, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு பேராத்தான் வர்றாங்க, பெட்டி படுக்கையெல்லாம் எதுல வரும்?" என்று கேட்டாராம். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்து, "அய்யோ அண்ணா, இதெல்லாம் பழகுற வண்டிங்க, பம்பாய் ப்ளேனு ஃபேக்டரிப் பக்கமில்ல வரும், இந்நேரம் வந்துருக்குமே" என்றிருக்கிறார்.

அதைக் கேட்டு உன் அப்பா அவரைக்காய்ப் பையை அவரிடமே கொடுத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தாராம். பஸ் பார்த்துப் போங்கண்ணா என்று பின்னாலேயே வந்து சொல்லியும் காதில் விழவில்லையாம். இதுவரைக்கும்தான் கோவிந்தப்பனுக்குத் தெரியும். மிச்சத்தை நான் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடமிருந்து பிடுங்கினேன். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்றாமல் நின்றேன், குழம்பு வேண்டுமானால் சொல்லுங்க என்று. கன்டோன்மென்ட் வரை ஒரு பஸ், அங்கே ஃபேக்டரி பஸ் போய்விட்டதாம், காத்திருக்க மனம் வராமல் நடந்தே போயிருக்கிறார். அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒருவரும் இல்லை, பெரிய ஏரோப்ளேன் மட்டும் தனியாக நின்றதாம், கூட்டுகிற அம்மா ஒருத்தி, எல்லாரும் போய்ட்டாங்க, பச்சக் கொழந்தையாட்டம் ஒரு பொண்ணு அவுங்கம்மாவக் கட்டிக்கினு அழுதுச்சு என்று சொன்னாளாம். "அது உம்பொண்ணுதான்" என்று என்னிடம் சொன்னார், ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி. அப்புறம் ஏன் வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "வர மாட்டன்னு உங்கிட்ட சொல்லிட்டுப் போனன். போயி எடத்தையும் தப்பா நின்னுட்டு வந்தன். அந்தப் புள்ள வேற அத்தன படிச்சவரு, ஏரோப்ளேன்லயே வேல செய்யறவரு. அவருகிட்டப் போயி ஜக்கூர்ல நின்னன்னு எப்புடிடி சொல்றது" என்றார். இவ்வளவுதான் விஷயம். நாலு நாளும் மோட்டார் கொட்டகையில் படுத்திருந்தது கோபத்தில் என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். வெட்கம், கண்ணு. இந்த வயதில் ஒரு ஆம்பிளைக்கு வருகிற வெட்கத்தை எந்த ஆஸ்பத்திரியிலும் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை இங்கே இருந்தபோது பேச்சுவாக்கில் பம்பாயிலேயே ஏரோட்ரோம் ஜூஹு என்று ஒன்று, சாந்தாகுரூஸ் என்று ஒன்று இருக்கிறது, அங்கே பிறந்தவர்களே மாற்றிப் போய் நிற்பார்கள் என்று சொன்னார் இல்லையா, அதை இப்போது உன் அப்பாவிடம் சொன்னேன். "அப்புடியா, அந்த ஊர்லயுமா" என்று இரண்டு தரம் கேட்டார், அதன் பிறகுதான் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

அதற்கு மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. நான் படித்துக் காட்டவில்லை, அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை. நேற்று விடிந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார், எங்கே என்றால், ஓசூருக்கு விதைக் கிழங்கு என்றார். சித்திரையில் என்ன விதைக் கிழங்கு என்று நானும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து அவராகவே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஃபேக்டரி ஏரோட்ரோமுக்குத்தான் போயிருக்கிறார். ஆட்கள் எந்த வாசல் வழியாக வெளியே வருகிறார்கள், நிற்க நிழல் எங்கே, உன் மாமா லாரியை எங்கே நிறுத்தினால் போலீஸ்காரர் விரட்ட மாட்டார், டீ எந்தக் கடையில் வாயில் வைக்கும்படி இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஜக்கூரில் பெரிய ப்ளேன் இறங்காது, ஊரில் நிறைய பேருக்கு இது தெரியாது, அவளுக்குத் தெளிவாக எழுது என்று எனக்கே பாடம் நடத்துகிறார். நானும் அப்படியாங்க என்று கேட்டுக்கொண்டேன்.

அதனால் நீ வருகிறாய். இதில் பேச்சு கிடையாது. ரயிலில் உன்னை ஆட்டிக் குலுக்க வேண்டாம், நீ வேலை செய்கிற இடத்தில் டாக்டரம்மாவிடம் எந்த மாதம் வரை ஏரோப்ளேனில் ஏறலாம் என்று கேட்டு அதற்குள் வந்து சேர், வளைகாப்பு இங்கேதான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும், போன தடவை தளிக் குளிரில் பல் அடித்துக்கொண்டே நன்றாயிருக்கிறது நன்றாயிருக்கிறது என்று பொய் சொன்னார், கம்பளிச் சட்டை எடுத்து வரச் சொல். கனமான பெட்டியைத் தூக்காதே. தந்தி அடிக்கும்போது கிழமையைத் தெளிவாகப் போடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் எங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும், மஞ்சளும் பூவும் குறையாமல் நீ நீடூழி இருக்க வேண்டும். இன்னொரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். நேற்று அந்த ஏரோட்ரோமில் உட்கார்ந்திருந்த ஒரு ஆபீசரிடம் உன் அப்பா, வயித்துப் புள்ளக்காரி அந்த ஏணியில எப்புடி எறங்குவா என்று கேட்டாராம். எங்க ஆளுங்க கையப் புடிச்சி எறக்குவாங்க பெரியவரே, பயப்படாதீங்க என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். உன் அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. "நான் புடிச்சிக்கறன், என்ன உள்ள உடுவீங்களா" என்று கேட்டிருக்கிறார். வெளியாரை விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மேலே யாரைப் பார்த்தால் விடுவார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுதச் சொல்லி இப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
சாந்தம்மா