மத்தியானத் தண்ணீர்

6 ஜனவரி 2025, திங்கள்

இன்று காலை ஏழரைக்குச் சூரிய மோட்டார் ஓடியது. டீசல் புகை இல்லை, சத்தமும் இல்லை. என் ஓரகத்தி பாப்பாயி அக்கா குழாயில் காதை வைத்துப் பார்த்து, "ஓடுதா, சும்மா நிக்கிதா?" என்று கேட்டாள். ஓடியது.

எங்களுடையது பங்குக் கிணறு. பாதி என் வீட்டுக்காரருடையது, பாதி அவருடைய அண்ணன் ராசாங்கம் மாமாவுடையது. வீட்டுக்காரர் கத்தாரில் வண்டி ஓட்டுவதால் அந்தப் பாதிக் கிணறும் இரண்டு ஏக்கர் வெங்காயக் காடும் என் தலையில். கரண்டுக்கு எழுதிக் கொடுத்துப் பதினான்கு வருடம் ஆகிறது, இன்னும் வரிசையில்தான் நிற்கிறோம். அதற்குள் எங்கோ இருக்கிற ஒரு நாடு தன் ஜனங்களின் வரிப்பணத்தில் எங்கள் பக்கம் ஆறு கிணற்றுக்குச் சூரிய மோட்டார் போட்டுக் கொடுத்துவிட்டது. பழைய டீசல் இன்ஜினை ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. போன வாரமே லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஆறும் ஒழுங்காக ஓடினால் அடுத்து நாற்பது கிணற்றுக்குக் கொடுப்பார்களாம்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் மீட்டர் எழுதும் வேலை எனக்கு. பிளஸ் டூ படித்த பாவம்.

9 ஜனவரி, வியாழன்

முறை பிரித்தாயிற்று. மோட்டார் திட்டத்தின் அரியலூர் ஆபீஸிலிருந்து சுகன்யா மேரி மேடம் வந்திருந்தார். ஏலாக்குறிச்சிக்காரர், பொறுமையாகப் பேசுவார். ஒப்பந்தத் தாளில் 'சம நேரம்' என்று அச்சடித்திருந்தது. ஆளுக்கு நான்கு மணி நேரம்: காலை ஆறரை முதல் பத்தரை, பத்தரை முதல் இரண்டரை. அதற்கு மேல் கிணற்றில் தண்ணீர் நிற்காது.

யாருக்கு எது என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார். "முதல் முறை மூத்தவனுக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்து அதான் வழக்கம். எழுதிக்கங்கம்மா."

இன்ஜின் இருந்தபோது அந்த வழக்கத்துக்கு ருசி இருந்தது. விடியும்போது கிணறு நிறைந்திருக்கும். மூத்தவர் இறைத்து முடித்தால் அடுத்தவருக்குச் சேறு. பதினோரு வருடமாகச் சேற்றுத் தண்ணீர் பாய்ச்சினவள் நான். பேசாமல் இரண்டாவது இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேசி என்ன ஆகப்போகிறது?

13 ஜனவரி, திங்கள்

இரண்டு வயலிலும் சின்ன வெங்காயம் ஊன்றி முடிந்தது. கோயில் கூட்டத்தால் சிறுவாச்சூர் பஸ்ஸில் ஆட்களை ஏற்றவே இல்லை, ஊன்றுகிற பெண்கள் நடந்தே வந்தார்கள். இடுப்பு போயிற்று.

24 ஜனவரி, வெள்ளி

மூன்று நாளாக முறைக்கு முறை மீட்டரைத் தனித்தனியாக எழுதிப் பார்க்கிறேன். ஆபீஸ் படிவத்தில் நாள் மொத்தம் மட்டும்தான் கேட்கிறார்கள். எனக்குத்தான் ஒரு சந்தேகம் - என் வாய்க்கால் ஏன் இப்படி ரொம்பிப் போகிறது?

மாமாவின் நான்கு மணி நேரத்தில் வந்தது பதினெட்டாயிரம் லிட்டர். என்னுடைய நான்கு மணி நேரத்தில் அறுபதாயிரம். மூன்று நாளும் கிட்டத்தட்ட அதேதான்.

டீசல் இன்ஜின் காலையிலும் ஒரே ஓட்டம், மத்தியானமும் ஒரே ஓட்டம். இது வெயிலைத் தின்று ஓடுகிற மோட்டார். ஏழு மணி வெயிலில் என்ன வலு இருக்கும்? கிணற்றுத் தண்ணீர் அப்படியே எனக்குத் தங்கிவிடுகிறது. மூத்தவர் கேட்டு வாங்கிக்கொண்டது மொட்டை வெயிலுக்கு முந்திய இளவெயிலை. அங்கே இருந்த யாருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான்.

சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "அண்ணன் வந்து கேட்டாரா?" "இல்ல." "அப்ப நீயா எதுக்குச் சொல்லப் போற?" நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

7 பிப்ரவரி, வெள்ளி

கடைசிப் பாத்தி வரை தண்ணீர் எட்டியது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் இதுதான் முதல் தடவை.

12 பிப்ரவரி, புதன்

ஆறு கிணற்றையும் பார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். கென்யா நாட்டுக்காரர், வாஞ்சிரு என்று பெயர். அதே உதவியில் அவர்கள் ஊரிலும் கூட்டு மோட்டார் போட்டு மூன்று வருடம் ஆகிறதாம். கொடுத்தவர்கள் வராமல் நம்மைப் போல வாங்கினவர் ஒருவரை அனுப்பியது எனக்குப் பிடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கினார். பேனல் பக்கம் திரும்பவே இல்லை. ஏதோ கேட்டார். சுகன்யா மேரி மேடம் தமிழில் சொன்னார்: "மத்தியானம் யாருக்குன்னு கேக்கறாங்க."

எனக்கு என்றேன். அவர்கள் ஊரில் இதனாலேயே இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டதாம். அடுத்து, முறைக்கு முறை மீட்டர் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். மாமா ஐந்தடி தள்ளி நின்றிருந்தார்.

"தனித்தனியா எழுதலைங்க" என்றேன். நோட்டு என் கையிலேயே இருந்தது. வாஞ்சிரு நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? பதினோரு வருடச் சேற்றுக்காக. வேறு காரணம் தேட வேண்டாம்.

18 பிப்ரவரி, செவ்வாய்

மாமாவின் வெங்காயம் நுனி கருகிவிட்டது. மேட்டுப் பாத்திகளில் பாதிக்கு மேல் தலை சாய்ந்து கிடக்கிறது. பாப்பாயி அக்கா குடத்தில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். வயலுக்குக் குடத்தில் ஊற்றி எத்தனை பாத்தியைக் காப்பாற்றுவது?

"மாமா என்ன சொல்றாரு அக்கா?"

"மண்ணுல சூடுங்கறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வாடகைக்கு இன்ஜின் ஒண்ணு சொல்லியிருக்காரு. நாளன்னைக்கு வருது. நீ பாட்டுக்கு யாருகிட்டயும் சொல்லிப்புடாத சத்யா."

இந்தக் கிணற்றில் டீசல் இன்ஜின் இறங்கினால் ஒப்பந்தம் முறிந்தது. பேனலைக் கழற்றிப் போவார்கள். அடுத்த நாற்பது கிணறும் என்ன ஆகும் என்று தெரியாது. அதில் எத்தனை பேர் கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களை மாதிரி நிற்கிறார்களோ.

இதெல்லாம் பெரிய பேச்சு. நான் சிரித்தேனே, அதுதான் உறுத்துகிறது. அக்கா குடம் சுமக்கிறாள், நான் சிரித்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு பொழப்பா?

19 பிப்ரவரி, புதன்

காலையில் மாமாவின் முறை ஓடும்போதே நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். "இன்ஜினை எறக்காதீங்க மாமா. பேனலைக் கழட்டிடுவாங்க."

"என் காடு காயுது. பேனலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நோட்டைப் பிரித்து வரிசையாகப் படித்தேன். உங்களுக்குப் பதினெட்டு, எனக்கு அறுபது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "தெரியும்" என்றார். "உன் வாய்க்கா ரொம்பிப் போறது என் கண்ணுக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் கேக்கல?"

"நாலு பேரு முன்னாடி நானே எழுதிக்கச் சொன்னது. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?" மண்வெட்டியால் மண்ணைக் கிளறினார். "இன்ஜின் ஓடுனப்ப நீ கேட்டிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன். அதுவும் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரக்கத்தில் இல்லை, கோபத்தில். மனுசனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் பதினோரு வருசம் எனக்குச் சேத்த விட்டிருக்காரு. நான் மட்டும் என்ன, ஒரு மாசம் தெரிஞ்சே இருந்தேனே.

இன்ஜின்காரனுக்கு என் எதிரிலேயே போன் போட்டு வேண்டாம் என்றார்.

20 பிப்ரவரி, வியாழன்

பெரம்பலூர் போய் அரியலூர் பஸ் ஏறினேன். ஆபீஸில் இரண்டு பேருமே இருந்தார்கள். "அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் மேடம்" என்று நோட்டைக் கொடுத்தேன். சுகன்யா மேரி மேடம் முகம் சுருங்கிவிட்டது. வாஞ்சிரு பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் கடிகாரத்தை விட்டுவிட்டு மீட்டரை வைத்தே முறை பிரித்ததாகச் சொன்னார்.

"மாமா முதல் முறைய விட்டுத் தர மாட்டாருங்க" என்றேன்.

விட வேண்டாம், அவரே முதலில் திறக்கட்டும், நாள் மொத்தம் எழுபத்தெட்டாயிரம் லிட்டரில் பாதி வந்ததும் மூடட்டும், மணி எதுவானாலும் சரி என்றார். ஒப்பந்தத்தை மாற்றி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் கையெழுத்தை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். போடும்போது கடைசிப் பாத்தி நினைவுக்கு வந்தது.

24 பிப்ரவரி, திங்கள்

மாமாவும் கையெழுத்துப் போட்டார். "முதல் முறை என்னுதுதானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அடுத்த நாற்பது கிணற்றுக்கும் தாளில் நேரத்தை அடித்துவிட்டு லிட்டர் என்று போடப்போகிறார்களாம்.

18 மார்ச், செவ்வாய்

அடுத்த வாரம் வெங்காயம் பிடுங்க வேண்டும். மாமாவின் மேட்டுப் பாத்திகள் போனது போனதுதான், மற்றது தேறிவிட்டது. என்னுடையதில் கடைசி இரண்டு பாத்தி காய்ந்து நிற்கிறது.

இன்று மீட்டர் பாதியைத் தொட்டபோது பன்னிரண்டாக ஐந்து நிமிடம். நல்ல உச்சி வெயில், அதில் ஒன்றரை மணி நேரம் அவர் வாய்க்கால் ரொம்பிப் போயிற்று. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், தினமும் எரிகிறது. மாமா மடையை மாற்றி விட்டார். இரண்டரைக்கு என் முறையும் முடிந்ததும் எழுதினேன்: அவருக்கு முப்பத்தொன்பது. எனக்கு முப்பத்தொன்பது.