பந்திங்கில் வாங்கிய லோரி

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

நான் இங்கே மலேசியாவில் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் முதலாளி ரபேல் அண்ணன் பழைய டீசல் லோரி ஒன்றைப் பார்க்க என்னைப் பக்கத்து ஊரான பந்திங்குக்கு அழைத்துப்போனார். நாங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. சூடான எஞ்சினில் கோளாறு வெளியே தெரியாது, அதனால் எனக்குச் சந்தேகம். சாப்பிட்டு வருகிறோம் என்று நேரம் கடத்தி, ஆறியபின் ஸ்டார்ட் செய்தேன். வெள்ளைப் புகை கக்கியது, ரேடியேட்டர் கொப்பளித்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்குண்ணே, எஞ்சினுக்குள்ள தண்ணி இறங்குது, வேணாம்" என்றேன். அவர் பேரம் பேசி வாங்கிவிட்டார்.

கிள்ளான் பட்டறைக்கு வந்ததும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லவில்லை, பெயின்ட் மட்டும் அடிக்கச் சொன்னார். அதுவே எனக்கு உறுத்தியது. நேற்று, "ஆளுங்க பார்க்க வராங்க. முன்னாடியே எஞ்சினைச் சூடாக்கி வை லா" என்றார்.

நான் சூடாக்கவில்லை. காய்கறி வியாபாரம் செய்யும் கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அக்காவே சாவியைத் திருப்பினார். புகையைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார்கள்.

அண்ணன் திட்டவில்லை. "உன் வேலை பெர்மிட் எப்ப முடியுது?" என்று மட்டும் கேட்டார். சும்மா கேட்டிருப்பார், நீ பயப்படாதே.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தைலமும், சுவரில் ஒட்ட உங்கள் இருவர் போட்டோவும் கொடுத்துவிடு. போனில் பார்ப்பது போதவில்லை.

அண்ணன் கூப்பிடுகிறார். எதற்கென்று தெரியவில்லை, போகிறேன்.

உன்
சூசை